காய்ச்சக் கூடாத மோர்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தங்கைகளே, உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நம் பத்திரிகையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பகுதி இது. எனக்கு ஓய்வு பெறும் வயதில்லை. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். பெரியவன் பக்கத்து அறையில் எதையோ இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்கிறது. சின்னவள் மடியில் இருக்கிறாள். காலையிலிருந்து இவளுக்குக் கொஞ்சம் இளக்கமாகப் போகிறது. பல் முளைக்கிற நேரம் என்கிறார் என் மாமியார். பிறர் குழந்தைக்கு இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று வருடக்கணக்கில் சொல்லிக் கொடுத்தவள் நான். என் குழந்தைக்கு என்றால் நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து போய்த் துணியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எடை போடுவது, தொப்புள் கட்டுவது, அம்மை குத்துவது எல்லாம் பயிற்சியில் வந்துவிடும். நான் மோரைப் பற்றி எழுதுகிறேன். வேலைக்குப் போன முதல் வாரமே உங்களை அதைப் பற்றித்தான் கேட்பார்கள். பேதியாகும் குழந்தைக்கு மோர் கொடுக்கலாமா, கூடாதா? தயிரிலும் மோரிலும் நன்மை செய்யும் கிருமிகள் இருக்கின்றன, அவை குடலைத் தேற்றும் என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள். அது வெறும் நம்பிக்கை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதையைத்தான் சொல்ல முடியும்.

முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின்போது பழவேற்காட்டில் திறந்த தாய்சேய் நிலையத்தில் நான் ஹெல்த் விசிட்டர். ஒரு கூடம், ஒரு தாழ்வாரம், ஒரு தராசு, கப்பலில் வந்த பால் பவுடர் பீப்பாய்கள். இவ்வளவுதான் நிலையம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கும் மீனவர் குப்பங்கள் என் பொறுப்பு. தண்ணீர் உப்பாக இருந்தாலும் அதை அங்கே ஏரி என்றுதான் சொல்வார்கள். படகில் அக்கரை போய், மணலில் நடந்து, வீடு வீடாகப் போக வேண்டும்.

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் குமாஸ்தா வேலை. சனிக்கிழமைதான் வருவார். கைக்குழந்தை ரவியோடு நான் ஹாஜரா பீவியின் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவர் கணவர் இறாலும் கருவாடும் வாங்கிப் பட்டணத்துக்கு அனுப்பும் வியாபாரி. வீட்டில் மாடு உண்டு, தினமும் தயிர் உண்டு. நான் குப்பத்துக்குப் போனால் ரவியைப் பார்த்துக்கொள்வது பீவிம்மாதான்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க நான் சொன்னது ஒரே ஒரு பாடம். கொதிக்காத எதுவும் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து வெயிலில் பிடித்து, "இதுல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு, அதுதான் குழந்தையைக் கொல்லுது" என்பேன்.

"கண்ணுக்குத் தெரியாதத நீ எப்டிம்மா பாத்த?" என்று கேட்பாள் குப்பத்துப் பெண் அஞ்சலை. எல்லோரும் சிரிப்பார்கள்.

தேசம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். அஞ்சலைக்குப் பக்கத்துக் குடிசை. என் வயதுதான் இருக்கும். பேதியில் இரண்டு குழந்தைகளைப் புதைத்தவள். மூன்றாவது பூங்காவனம், என் ரவியைவிடக் கொஞ்சம் பெரியவள். அந்தக் குப்பத்தில் விறகு லேசில் கிடைக்காது. சவுக்கு மிலாறு பொறுக்க வெகுதூரம் போக வேண்டும். ஆனாலும் தேசம்மா தண்ணீரைக் காய்ச்சினாள், பவுடர் பாலைக் காய்ச்சினாள், கரண்டியையும் கிண்ணத்தையும் காய்ச்சினாள்.

"இளநீர வாங்கியாந்து அடுப்புல வெச்சிக்கினு கீறாம்மா இவ," என்றாள் அஞ்சலை ஒருநாள். "இன்னும் கொஞ்ச நாள்ல புருசனக்கூட காய்ச்சிதான் ஊட்டுக்குள்ள வுடுவா."

"உனுக்கு இன்னாத்துக்கு எரியுது? உன் வெறகயா எடுத்தேன்?" என்றாள் தேசம்மா.

எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒரு தாய் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டாள்.

அந்த வருடம் மழை தொடங்கியதும் பூங்காவனத்துக்குக் காய்ச்சல் வந்தது. விடாத காய்ச்சல். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அப்போதுதான் வந்திருந்த ஒரு புது மருந்தைக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, குழந்தையை வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் பேதி நிற்கவில்லை. "பவுடர் பாலு உள்ள போவ வேண்டியதுதான், போய்க்கினே கீதும்மா," என்றாள் தேசம்மா. பாலை நிறுத்தினால் குழந்தை சோர்ந்து விழுந்தது, கொடுத்தால் வெளியே போனது.

பொன்னேரியிலிருந்து வாரம் ஒருமுறை டாக்டரம்மா நிலையத்துக்கு வருவார். அவரிடம் கேட்டேன்.

"பால் பவுடரை உறைய வையுங்க. தண்ணியா கடைஞ்சு, காய்ச்சி ஆறின தண்ணியில கரைச்சு, உப்புப் போட்டுக் கொடுங்க. அந்த மருந்து காய்ச்சல் கிருமியோட சேர்த்து வயித்துல இருந்த நல்ல கிருமியையும் கொன்னிருக்கலாம். மோர்ல இருக்கிறது போய் அந்த இடத்தைப் பிடிக்கலாம்" என்றார்.

"நிச்சயமா டாக்டர்?"

"நிச்சயம்னு நான் எங்கே சொன்னேன்? கொடுத்துப் பாக்கலாம்னு சொல்றேன். மருந்துன்னு சொல்லாதீங்க. கண்ணு குழிஞ்சுபோச்சு, ஒண்ணுக்குப் போகல, தோலைக் கிள்ளினா அப்படியே நிக்குதுன்னா மோராவது ஒண்ணாவது, உடனே பஸ் ஏத்துங்க."

உறைய வைக்க மோர் வேண்டும். குப்பத்தில் மாடு ஏது, மோர் ஏது? பீவிம்மாவிடம் போனேன். நிலையத்தைப் பூட்டிவிட்டு வருவதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து தயிரும் மோரும் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அவர்கள் வீட்டிலும் வழக்கம்.

"இந்த நேரத்துலயா வந்து ஒற மோரு கேக்குற? காலையில வாம்மா."

"காலையில படகு வர்றதுக்குள்ள உறையணும் பீவிம்மா. குழந்தைங்களுக்கு."

பீவிம்மா ஒரு சிரட்டையில் மோரை ஊற்றிப் படியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீயும் கேக்கல, நானும் குடுக்கல. பூனை இழுத்துக்கினு போச்சு. சர்க்காரு பாலுக்கு ஒறையத் தெரியுமான்னு மொதல்ல பாரு."

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. முதல் தடவை உறையவில்லை, நாற்றம் எடுத்துக் கொட்டினேன். அடுத்த தடவை சட்டியைத் தவிட்டுக்குள் புதைத்து வைத்தேன். காலையில் கெட்டித் தயிர் என்று சொல்ல முடியாவிட்டாலும் மோராகக் கரைக்கும்படி வந்திருந்தது. அன்றிலிருந்து அதையே எடுத்து அடுத்த நாளுக்கு உறை ஊற்றினேன்.

பேதியாகி மெலிந்த குழந்தைகளுக்கு மட்டும், தாய்மார் காலையில் படகில் நிலையத்துக்கு வரும்போது, லோட்டாவில் ஊற்றிக் கொடுத்தேன். பலருக்கும் சில நாளில் சரியாயிற்று. மோரினால்தானா என்று தெரியாது. மழைக்காலப் பேதி பல குழந்தைகளுக்குத் தானாகவும் நிற்கும். அஞ்சலையின் மகன் மறுபடி மணலில் ஓட ஆரம்பித்துவிட்டான். "நான் சட்டியக்கூட கய்வல நர்சம்மா, அவன் பாட்டுக்குத் தேறிட்டான்," என்று என்னிடமே சொன்னாள்.

பூங்காவனம் மட்டும் தேறவில்லை. சொன்னதையெல்லாம் கேட்ட தாயின் குழந்தை மட்டும் இளைத்துக்கொண்டே போனது. மோர்தான் அவளுக்குக் கெடுதல் செய்கிறதோ? என் சட்டியில் வேறு ஏதாவது சேர்ந்துவிட்டதோ? மற்ற குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே? நிறுத்திவிடலாம் என்று ஒருநாள் முடிவு செய்தேன். மறுநாள் வேண்டாம் என்று நினைத்தேன். கடைசியில், அவள் அதை எப்படிக் கொடுக்கிறாள் என்று நேரில் பார்த்துவிடலாம் என்று, முறை இல்லாத நாளில் உச்சிவேளையில் குப்பத்துக்குப் போனேன். தங்கைகளே, இதை மட்டும் நான் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். நாம் சொல்லிக் கொடுத்தது ஒன்று, வீட்டில் நடப்பது ஒன்று. போய்ப் பார்க்காமல் தெரியாது.

தேசம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சட்டியில் வெள்ளையாக ஏதோ திரிந்து, நுரை கட்டிக் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன அது?"

"மோருதான். காலையில நீ ஊத்துனியே."

"மோரை எதுக்கு அடுப்புல வெச்சே?"

பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கும் வாத்தியாரைப் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள். "கொதிக்காதது எதுவும் புள்ள வாய்ல போவக் கூடாது," என்றாள். என் குரலிலேயே சொன்னாள், நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள்.

திரிந்ததைத் துணியில் வடிகட்டி, கட்டியைக் கெட்டுப்போனது என்று எறிந்துவிட்டு, மிஞ்சிய தண்ணீரை மட்டும் குழந்தைக்குக் கொடுத்துவந்திருக்கிறாள். முதல் நாளிலிருந்தே.

மோரைக் காய்ச்சாதே என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மோரை யாராவது காய்ச்சுவார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஆனால் மோரே புழங்காத ஒரு வீட்டில், எல்லாவற்றையும் காய்ச்சு என்று மட்டுமே கேட்டு வந்த ஒரு தாய் வேறு என்ன செய்வாள்?

"இதைக் காய்ச்சக் கூடாது தேசம்மா. காய்ச்சினா இதுல இருக்கிறது செத்துப்போயிடும்."

"இதுல இன்னா கீது?"

"கிருமி."

"கிருமியா?"

"இது நல்ல கிருமி."

வாசலில் நின்றிருந்த அஞ்சலை கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "கேட்டியா கூத்த! கிருமில கூட அம்மா ஊட்டுக் கிருமி, மாமியா ஊட்டுக் கிருமின்னு கீதாம்டி!"

தேசம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. "உசுரோடவா கீது?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமாம்."

"உசுரோட கீறத எம்புள்ள வயித்துல வுடச் சொல்றியா?"

பூங்காவனத்தை மடியில் வாங்கிப் பார்த்தேன். வயிற்றுத் தோலைக் கிள்ளினேன். மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கிவிட்டது. கண் லேசாக உள்ளே போயிருந்தது, ஆனால் அழுதால் கண்ணீர் வந்தது. துணி ஈரமாக இருந்தது. டாக்டரம்மா சொன்ன எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தாள், ஆனால் மிகவும் ஓரத்தில். "பொன்னேரிக்குப் போயிடலாமா?" என்றேன். "மறுக்கா அங்க வேணாம். ரெண்டாவத அங்கதான் வுட்டுட்டு வந்தேன்," என்றாள். அடுத்த முறை டாக்டரம்மா வருவதற்கு இன்னும் நாள் இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சி வடித்த மோர்த் தண்ணீரையே கொடுக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அதில் உப்பு உண்டு, தண்ணீர் உண்டு, கெடுதல் இல்லை. ஆனால் இவ்வளவு நாளாக அதைக் குடித்தும் குழந்தை தேறவில்லை. காய்ச்சாத மோரைக் கொடுக்கச் சொன்னால் அது உதவலாம், உதவாமலும் போகலாம். ஏற்கெனவே நொந்துபோன குடலில் என் சட்டியிலிருந்து என்ன போகும் என்று நான் சத்தியம் செய்ய முடியுமா? இன்னொன்றும் இருந்தது. காய்ச்ச வேண்டாம் என்று என் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால், நாளைக்குத் தண்ணீரை யார் காய்ச்சுவார்கள்? அந்த ஒரு பாடத்துக்காகத்தான் வருடம் முழுக்கத் தொண்டை கிழியப் பேசியிருந்தேன். அஞ்சலை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உம்புள்ளைக்கு இத்த குடுப்பியா?" என்றாள் தேசம்மா.

"கொடுப்பேன்."

"குடு. நான் பாக்குறேன்."

மறுநாள் எடை போடும் நாள். தாழ்வாரம் முழுக்கப் பெண்கள். ரவியைத் தூக்கிக்கொண்டு பீவிம்மா வந்தார். அவன் பீவிம்மா வீட்டுத் தயிரைத் தினமும் தின்பவன்தான். ஆனால் அது ஒரு வீட்டுச் சட்டி, ஒரு கை புழங்குவது. இது பீப்பாய்ப் பவுடர். பத்து வீட்டு லோட்டா வந்து போகும் இடம். சட்டியிலிருந்து ஒரு சங்கு மோரை மொண்டு அவன் வாயருகே கொண்டுபோனேன். என் கை நின்றுவிட்டது.

வெகுநேரம் இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். நான் நிறுத்த நினைக்கவில்லை. கை தானாக நின்றது. மற்றப் பெண்கள் ரவியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேசம்மா என் கையைப் பார்த்தாள்.

ஊற்றினேன். அவன் சப்புக்கொட்டிவிட்டு இன்னும் வேண்டும் என்று சங்கைப் பிடித்து இழுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். "வியாபாரி ஊட்டுல வளர்ற புள்ள, ஒரு சங்கோட வுடுவானா?" என்றார் பீவிம்மா.

தேசம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "பயந்துட்ட."

"ஆமாம்," என்றேன்.

"பயந்துக்கினேதான் குட்த்த. சரி. எனுக்கும் அப்டித்தான் கீது."

என் கையிலிருந்து சங்கை வாங்கி, அதே சட்டியிலிருந்து மொண்டு, பூங்காவனத்துக்குத் தானே ஊற்றினாள். நான் தயங்கியதால்தான் அவள் என்னை நம்பினாள் என்று நினைக்கிறேன். நீங்கள் பயப்படும்போது பயமில்லாதது போல நடிக்க வேண்டாம். உங்கள் முகத்தைவிட உங்கள் கையைப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள்.

அன்று அங்கிருந்த எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மோரில் உயிரோடு இருப்பது குழந்தையின் வயிற்றுக்குள் போய் இடம் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும். மோரை மட்டும் காய்ச்சாதே, தண்ணீரைக் காய்ச்சியே ஆக வேண்டும். வாந்தி வந்தால், குழந்தை துவண்டால், மோர் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்காராதே, ஓடி வா. ஒவ்வொருத்தியையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். அஞ்சலைகூடச் சொன்னாள்.

அந்த வாரம் ரவியின் துணியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்பதை என் கணவரிடம் சொல்லவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூங்காவனத்துக்கு மலம் மெல்ல மெல்லக் கட்ட ஆரம்பித்தது. பொங்கலுக்குள் பேதி நின்றது, கன்னத்தில் சதை வந்தது. கோழியைத் துரத்திக்கொண்டு தவழ்ந்தாள். டாக்டரம்மாவிடம் காட்டினேன். "மோரா இருக்கலாம். மருந்தோட வேகம் குறைஞ்சதா இருக்கலாம். நாள் ஆனதால இருக்கலாம்," என்றார். சந்தோஷப்படக்கூட அவர் விடவில்லை என்று அப்போது வருத்தப்பட்டேன்.

குப்பத்தில் யாருக்கும் அந்தச் சந்தேகம் இல்லை. "மோர்க்கார நர்சம்மா வந்துடுச்சு," என்று படகிலிருந்து இறங்கும்போதே கூப்பிடுவார்கள். ஒன்றுமில்லாத குழந்தைக்கும் மோர் கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

கோடையில் வாந்திபேதி வந்தது. இது வேறு. கஞ்சித்தண்ணீர் போலப் போகும், ஒரு பகலில் ஆள் உருமாறிப்போகும். ஊற்றுகளில் மருந்து போட்டோம், ஊசி போட்டோம், எல்லோரையும் எட்டவில்லை.

நல்ல வெயிலில் தேசம்மா பூங்காவனத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். காலையில் முதல் வாந்தி. உடனே படகு பிடித்திருக்கிறாள். அவள் புருஷன் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓட்டி வந்திருக்கிறான். "மோரு குடுக்கல நர்சம்மா. ஒண்ணுமே குடுத்துக்கினு குந்தல. நீ சொன்ன மாரி ஓடியாந்துட்டேன்," என்றாள் மூச்சு வாங்க. நான் சொன்ன ஒவ்வொன்றையும் செய்திருந்தாள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் நானும் கூடப் போனேன். ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றப் பார்த்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை, கிடைத்தபோது நேரமாகிவிட்டது. மறுநாள் காலையில் குழந்தை போய்விட்டது.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

பிறகு குப்பத்தில் பேச்சு எழுந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. அஞ்சலைதான் என்னிடம் வந்து சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள். "நான் சொல்லல நர்சம்மா, ஊரு சொல்லுது. உசுரோட கீறத புள்ள வயித்துல வுட்டா அது சும்மா கெடக்குமா? உள்ளயே குந்திக்கினு வளந்துச்சாம். கோடைல தின்னுட்சாம். நல்ல கிருமின்னு நீதானே சொன்ன? நல்லது எத்தினி நாளைக்கு நல்லதா இருக்கும்னு கேக்குறாங்க."

"உன் மகனும்தானே அதே சட்டியில குடிச்சான் அஞ்சலை?"

"அத்தத்தான் நானும் நென்ச்சிக்கினு பயந்து கீறேன்," என்றாள்.

மோர் வாங்க வருவது நின்றது. எடை போடும் நாளில் தாழ்வாரம் காலியாக இருந்தது. டாக்டரம்மா, "இது காலரா. மோருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்று அடித்துச் சொன்னார். முதல் தடவையாக அவர் வாயிலிருந்து சந்தேகம் இல்லாத ஒரு வார்த்தை வந்தது, அதைக் கேட்கக் குப்பத்தில் ஆள் இல்லை. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் சட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் அக்கரை போன நாட்களில் நிலையத்தில் வேறு யாராவது மோர் கரைத்திருப்பார்கள். எந்தத் தண்ணீரில் கரைத்தார்கள்? ஆறிய தண்ணீர் தீர்ந்துபோயிருந்தால்? மற்றக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டுக்கொள்வேன்.

உசுரோடவா கீது என்று அவள் கேட்டபோது ஆமாம் என்று சொல்லாமல் இருந்திருக்கலாமோ? காய்ச்சினால் கெட்டுவிடும், அதனால் காய்ச்சாதே என்று சொல்லியிருந்தால் போதுமே. அவளும் கேட்டிருப்பாள். உண்மையைச் சொன்னேன். அந்த உண்மையைத்தான் ஊர் எடுத்துக்கொண்டு எனக்கே திருப்பித் தந்தது. அப்படியானால் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று உங்களுக்கு நான் எழுதலாமா? அதுவும் எனக்கு மனசு வரவில்லை. கேட்டவள் அறியாதவள் இல்லை. தன் குழந்தைக்குள் போவது என்ன என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு. இதில் எது சரி என்று நீங்கள் என்னைவிட நன்றாக முடிவு செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

சில வாரங்கள் கழித்துத் தேசம்மா நிலையத்துக்கு வந்தாள். தனியாக வந்திருந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். காலராவைப் பற்றி, ஊற்றைப் பற்றி, நரம்பு கிடைக்காததைப் பற்றி. அவள் தாழ்வாரத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"ஊருல பேசிக்கினு கீறாங்க. அத்த நான் நம்பல," என்றாள். "அது வேற சீக்குன்னு எனுக்குத் தெரியும். மொத ரெண்டும் அப்டித்தான் போச்சு. அப்போ மோருமில்ல, நீயுமில்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு கேக்கணும் நர்சம்மா. நெசத்த சொல்லணும்."

"கேளு."

"மோருல உசுரோட கீதுன்னு சொன்னியே. அது பாப்பா வயித்துக்குள்ள போயி எடம் புட்ச்சிக்கினு அங்கியே இருக்கும்னியே."

"ஆமாம்."

"பாப்பா போனப்புறம் அது இன்னா ஆவும்? கூடவே பூடுமா? இல்ல, உள்ள இருக்குமா?"

பயிற்சியில் எனக்குத் தேர்வு வைத்தவர்கள் கேட்காத கேள்வி. "எனக்குத் தெரியல தேசம்மா," என்றேன்.

"கொஞ்ச நாளாவது இருக்குமா?"

"இருக்கலாம்."

அவள் ஏரிப் பக்கம் பார்த்தாள். அக்கரையில் குப்பத்தைத் தாண்டி, சவுக்கு ஓரமாக, அவர்கள் பிள்ளைகளைப் புதைக்கும் மணல்.

"இருந்தா நல்லாருக்கும்," என்றாள். "பாப்பா ஒண்டியா கெடக்காது."

தாய்மார்களிடம் தவறான எண்ணம் எதைக் கண்டாலும் உடனே, பொறுமையாக, அவர்களுக்குப் புரியும்படி திருத்த வேண்டும் என்பது நம் வேலையின் விதி. நான் திருத்தவில்லை.